பந்து எங்கே விழ வேண்டும்?

கோல்ஃபில் நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு அடியில் பந்து 350 மீட்டர் போய்விட்டது. குழிக்கு இன்னும் பதினைந்தே மீட்டர். புதிதாக ஆடுகிறவர் பெரும்பாலும் இந்தப் பதினைந்து மீட்டரில்தான் அகப்பட்டுக்கொள்கிறார். ஓர் அடி பந்துக்குப் பின்னால் மண்ணைக் கொத்துகிறது, பந்து ஒரு முழம் நகர்கிறது. அடுத்த அடி பந்தின் நடுவயிற்றில் பட்டு, அது தரையோடு சீறிக்கொண்டு மறுபக்கம் ஓடிவிடுகிறது. 350 மீட்டரை இரண்டு அடியில் கடந்தவர் பதினைந்து மீட்டருக்கு ஐந்து அடி செலவழிக்கிறார்.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு க்ரீன் என்று பெயர். அதன் ஓரத்திலிருந்து ஆடும் சின்ன அடிகளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. பெரம்பலூர், அரியலூர் வாசகர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். 18 குழி மைதானம் என்றதும் நமக்கு நினைவு வருபவை 1895-ல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பும், ஊட்டியும், கோவையும், சென்னையும்தான். இரண்டு மாவட்டத்துக்கும் இவை எல்லாமே தூரம். ஆனால் சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், சிமெண்ட் ஆலைப் பொறியாளர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று இந்த ஆட்டத்தில் ஆசை உள்ளவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். நீண்ட அடி பழகப் பெரிய மைதானம் வேண்டும். சின்ன அடிக்கு இருபது மீட்டர் நிலம் போதும், அது நம்மிடம் இருக்கிறது.

மைதானம் கிடைக்காதவர்கள் இந்த ஆட்டத்தில் மேலே வந்த கதைகள் நிறைய. ஸ்பெயினின் செவெ பாயஸ்டெரோஸ் 1957-ல் பெட்ரெனா என்ற கடலோரச் சிற்றூரில் பிறந்தவர். கிளப் மைதானம் சிறுவனுக்குத் திறந்திருக்கவில்லை. கையில் இருந்தது ஒரே ஒரு பழைய 3-அயர்ன் மட்டை. அதை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் பந்தை உயர்த்தவும் தாழ்த்தவும் உருட்டவும் தானாகவே கற்றார். பின்னாளில் உலகின் தலையாய போட்டிகளில் ஐந்தை வென்றார், க்ரீனைச் சுற்றி அவரைப் போல் ஆடியவர் இல்லை என்று பெயர் எடுத்தார். நம் நாட்டிலும் உண்டு. 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் பிறருக்கு மட்டைப் பை தூக்கிய கேடி. 2009-ல் அதே கோப்பையை வென்ற முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர்.

ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். சின்ன அடி மட்டும் சரியாக இருந்தால் போதும், ஆட்டம் கைக்குள் வந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளின் லட்சக்கணக்கான அடிகளை அலசிய கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, நல்ல ஆட்டக்காரரையும் மிகச் சிறந்த ஆட்டக்காரரையும் பிரிப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீண்ட அடிகளுக்கே என்று காட்டினார். இருந்தும் அந்தத் தொழில்முறை ஆட்டக்காரர்களே 18 குழிகளில் சராசரியாகப் பன்னிரண்டில்தான் உரிய அடிக்குள் க்ரீனைச் சேர்கிறார்கள். மீதி ஆறில் அவர்களும் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் பதினைந்து குழியிலாவது அங்கே நிற்போம். ஆகவே சின்ன அடி எல்லோருக்கும் தேவை. உடல் வலு, உயரம், வயது எதையும் அது கேட்பதில்லை என்பதும் எனக்கு அது பிடித்துப்போன காரணம்.

இனி அடிக்கு வருவோம். புதியவர் செய்யும் முதல் பிழை கையில் இல்லை, கண்ணில் இருக்கிறது. அவர் குழியில் நிற்கும் கொடியைப் பார்க்கிறார். பார்க்க வேண்டியது பந்து முதலில் விழப்போகும் இடத்தை. க்ரீன் ஓரத்திலிருந்து ஆடும் அடிக்கு இரண்டு பகுதி உண்டு: பந்து காற்றில் போகும் தூரம், விழுந்தபின் உருளும் தூரம். காற்றில் போவதை நாம் ஓரளவு அடக்கி ஆளலாம். உருளுவதைத் தரை முடிவு செய்கிறது. எனவே க்ரீனின் விளிம்பைத் தாண்டி ஒரு மீட்டர் உள்ளே, சமதளமான ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பந்து அங்கே விழ வேண்டும். அங்கிருந்து குழிவரை தானாக உருண்டு போக வேண்டும். இடத்தை முதலில் முடிவு செய்தால், எந்த மட்டை என்ற கேள்விக்கு விடை தானாக வந்துவிடும்.

மட்டையின் முகம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை லாஃப்ட் என்கிறார்கள். 7-அயர்னுக்குச் சுமார் 30 டிகிரி, பிட்சிங் வெட்ஜுக்கு 46, சாண்ட் வெட்ஜுக்கு 56. சாய்வு கூடினால் பந்து உயரும், குறைவாக உருளும். சாய்வு குறைந்தால் தாழப் பறந்து நிறைய உருளும். இதற்குப் பழைய ஆட்டக்காரர்கள் ஒரு மனக்கணக்கு வைத்திருக்கிறார்கள். 12-லிருந்து மட்டையின் எண்ணைக் கழித்தால் வருவது, காற்றில் போகும் தூரத்தைப் போல் எத்தனை மடங்கு பந்து உருளும் என்பது. பிட்சிங் வெட்ஜை 10 என்று வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் அதற்கு இரண்டு மடங்கு, 9-அயர்னுக்கு மூன்று, 8-க்கு நான்கு, 7-க்கு ஐந்து.

பந்து க்ரீன் விளிம்புக்கு ஒரு மீட்டர் வெளியே கிடக்கிறது, குழி விளிம்பிலிருந்து ஒன்பது மீட்டர் உள்ளே இருக்கிறது என்று வையுங்கள். விழும் இடம் ஒரு மீட்டர் உள்ளே. காற்றில் இரண்டு மீட்டர், தரையில் எட்டு. நான்கு மடங்கு, ஆகவே 8-அயர்ன். அதே குழிக்குப் பந்து மூன்று மீட்டர் வெளியே கிடந்தால் காற்றில் நான்கு, தரையில் எட்டு. இரண்டு மடங்கு, பிட்சிங் வெட்ஜ். தரை மேடேறினால் பந்து சீக்கிரம் நின்றுவிடும் என்பதால் ஒரு படி சாய்வு குறைந்த மட்டை, இறக்கமாக இருந்தால் ஒரு படி கூடியது. இந்தக் கணக்கு சமமான, சாதாரண வேகமுள்ள க்ரீனுக்குச் சொன்னது. உங்கள் தரைக்கு ஏற்ப அதைத் திருத்திக்கொள்வது ஒரு வாரப் பழக்கத்தில் வந்துவிடும்.

தொலைக்காட்சியில் பந்தை உயரத் தூக்கி, குழிக்குப் பக்கத்தில் பொத்தென்று இறக்கி நிறுத்தும் அடியைப் பார்த்துவிட்டு எல்லோரும் 60 டிகிரி வெட்ஜைத்தான் முதலில் வாங்குகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நடுவில் பள்ளமோ மணல்குழியோ இல்லாதபோது பந்தை உயர்த்துவது வீண் ஆபத்து. பட்டர் மட்டையால் உருட்ட முடிந்தால் உருட்டுங்கள். முடியாதென்றால் தாழத் தட்டி ஓடவிடுங்கள். இரண்டுக்கும் வழியில்லாதபோது மட்டும் உயர்த்துங்கள்.

தட்டுவது எப்படி? வலக்கைக்காரருக்குச் சொல்கிறேன், இடக்கைக்காரர் மாற்றிக்கொள்ளவும். கால்கள் ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில். பந்து நடுவிலிருந்து சற்றே வலப்பக்கம். பிடியில் ஓரிரு அங்குலம் கீழே பிடித்தால் மட்டை அடங்கும். உடல் எடையில் பெரும்பங்கு இடது காலில், அடி முடியும்வரை அங்கேயே. கைகள் பந்தைவிடக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். மணிக்கட்டு பெரிதாக மடங்கக் கூடாது. தோள்கள் ஆடினால் கையும் மட்டையும் சேர்ந்தே ஆடும். பின்னால் எவ்வளவு போனதோ ஏறத்தாழ அவ்வளவே முன்னாலும் வர வேண்டும். தூரத்தைக் கூட்டக் குறைக்க மட்டை ஆடும் நீளத்தை மாற்றுங்கள். நடுவழியில் வேகத்தை வெட்டினாலும் கொத்து விழும்.

இவ்வளவையும் ஒரே காரணத்துக்காகத்தான் சொல்கிறேன். மட்டை கீழே இறங்கி, ஓர் இடத்தில் தரையைத் தொட்டு, மேலே ஏறுகிறது. அது தரையைத் தொடும் இடம் பந்துக்கு அடியிலோ ஒரு விரற்கடை முன்னாலோ இருக்க வேண்டும். எடை வலது காலில் தங்கிவிட்டால் அந்த இடம் பந்துக்குப் பின்னால் போய்விடும். அப்போது மட்டை மண்ணைக் கொத்தும். அல்லது மண்ணில் பட்டு ஏறும் வழியில் பந்தின் வயிற்றை இடிக்கும். மேலே சொன்ன இரண்டு கோளாறும் ஒரே நோயின் இரண்டு முகம். நோயின் வேர், பந்தை நாம் தூக்கிவிட வேண்டும் என்ற நினைப்பு. நாம் தூக்க வேண்டியதில்லை. மட்டையின் சாய்வு அதைச் செய்துவிடும். நாம் கீழ்நோக்கித் தட்டினால் பந்து மேலே எழும்.

இதைச் சோதிக்க நம் மண் மிக நல்ல மண். மழை விட்டு இரண்டு நாளில் கரிசலின் மேற்பரப்பு லேசாகக் காய்ந்து, மேலே பொடியும் அடியில் ஈரமுமாக இருக்கும். அதில் கோலமாவால் ஒரு நேர்கோடு இழுத்து, பந்தே இல்லாமல் கோட்டின் மேல் மட்டையை வீசுங்கள். மட்டை தொட்ட இடத்தில் கறுப்பாக ஒரு தேய்வு தெரியும். அது கோட்டுக்கு வலப்பக்கம் இருந்தால் கொத்து. கோட்டில் தொடங்கி இடப்பக்கம் நீண்டால் சரி. கோட்டின் நெடுக ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வீசிக்கொண்டே நகருங்கள். பத்துத் தடத்தில் எட்டு சரியான பக்கம் வரும்வரை பந்தை எடுக்காதீர்கள். இந்தக் கோடு அடியின் தவறை முகத்துக்கு நேரே காட்டிவிடும்.

மண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் கோல்ஃப் பாடங்கள் பெரும்பாலும் அடர்ந்த புல்தரையை வைத்து எழுதப்படுபவை. வெட்ஜ் மட்டையைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். முன்விளிம்பைவிடப் பின்பகுதி தடித்துக் கீழே தொங்கும். இதற்கு பவுன்ஸ் என்று பெயர். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சரசன் தன் மட்டையின் அடியில் ஈயம் சேர்த்து இப்படித் தடிப்பாக்கினார், 1932 பிரிட்டிஷ் ஓப்பனை அந்த மட்டையோடு வென்றார். தடித்த அடிப்பாகம் மணலில் மட்டையைப் புதையவிடாமல் வழுக்கிக்கொண்டு போகச் செய்கிறது. மென்மையான மணலுக்கும் தழைத்த புல்லுக்கும் அது பெரிய வரம்.

ஆனால் பங்குனி சித்திரையில் காய்ந்து இறுகிய கரிசலிலோ, அரியலூர்ப் பக்கத்துச் சுக்கான் கலந்த தரையிலோ, அதே தடிப்பு எதிரியாகிவிடும். அடிப்பாகம் தரையில் மோதித் துள்ளும், முன்விளிம்பு உயர்ந்து பந்தின் வயிற்றில் படும். கோடையில் சாண்ட் வெட்ஜைப் பையிலேயே விட்டுவிடுங்கள். 8-அயர்னோ 9-அயர்னோ எடுத்து, பந்தை இன்னும் ஒரு விரல் வலப்பக்கம் வைத்து, தாழத் தட்டி ஓடவிடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் கதை தலைகீழ். ஈரக் கரிசல் மட்டையின் முகத்தில் அப்பிக்கொள்ளும், முகத்தின் கோடுகளில் மண் அடைந்தால் பந்துக்குச் சுழற்சி ஏறாது, எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வோர் அடிக்கும் முன் ஈரத்துணியால் முகத்தைத் துடைப்பது அப்போது கட்டாயம். அந்தப் பருவத்தில் தடித்த அடிப்பாகம் மறுபடி நண்பனாகிவிடும். ஒரே ஊரில் இருந்துகொண்டு ஆறு மாத இடைவெளியில் இரண்டு வகைத் தரையைப் பழக முடிவது நம்மூரின் பாக்கியம் என்றே நினைக்கிறேன்.

எங்கே பழகுவது? மக்காச்சோளம் அறுத்த கொல்லை வேண்டாம். தட்டைக்கட்டைகள் மட்டையையும் மணிக்கட்டையும் கெடுத்துவிடும். எனக்குத் தெரிந்து மிகப் பொருத்தமான இடம் மண் களம். மெழுகி, இறுகி, மட்டமாக இருக்கும் களத்தில் பந்து உருளும் விதம் க்ரீனுக்கு ரொம்பத் தூரமில்லை. களத்தை ஒட்டிய வரப்பில் அருகம்புல் இருந்தால், அதுவே க்ரீனின் ஓரப்புல். களத்து உடைமைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, சோளமோ பருத்தியோ காயாத நாளில் போங்கள். சிமெண்ட் களத்தில் பந்து நிற்கவே நிற்காது, அது உதவாது.

மண்ணில் உருட்டிப் பழகுவது குறைச்சலான வேலை என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் கிடைக்காத இடங்களில் இந்தியாவின் பல மைதானங்களில் புல் க்ரீனே இருந்ததில்லை. எண்ணெய் கலந்து கெட்டித்த மணல் பரப்பின் நடுவில் குழி இருக்கும். பச்சைக்குப் பதில் பழுப்பு என்பதால் அதற்கு பிரவுன் என்றே பெயர். பல தலைமுறை ஆட்டக்காரர்கள் அதில் ஆடித்தான் கைபழகினார்கள். இன்றைக்கு எண்ணெய் ஊற்றி நிலத்தைக் கெடுக்க வேண்டாம். சலித்த மணலை மெல்லிசாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு, கோணிச்சாக்கை மேலே இழுத்துவிட்டால் போதும்.

குழியின் அளவு உலகெங்கும் ஒன்றுதான்: குறுக்களவு 108 மில்லிமீட்டர், நாலேகால் அங்குலம். நாலங்குல பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைப் புதைத்தால் ஏறத்தாழ அந்த அளவு வந்துவிடும். பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது குழியில் இரண்டு பந்து பக்கத்தில் பக்கத்தில் நுழையும். அவ்வளவு பெரிய குழிதான், ஆனாலும் பந்து வேகமாக வந்தால் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே போய்விடும். நிற்கப்போகும் வேகத்தில் வந்த பந்துக்குக் குழி முழு அகலத்தையும் தரும்.

தரையைப் படிப்பதும் உருட்டுபவரின் வேலைதான். கோலி ஆடிய கைகளுக்கு இது புதிதல்ல. குழிக்கு உருட்டும் சிறுவன் முதலில் குனிந்து மேட்டையும் பள்ளத்தையும் பார்ப்பான், பொடிக்கல்லை ஊதித் தள்ளுவான், பிறகுதான் குண்டை விடுவான். அதையே இங்கேயும் செய்யுங்கள். குழிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சாய்வைப் பாருங்கள். பந்து வேகம் குறையும் கடைசி இரண்டு மீட்டரில்தான் சாய்வு அதை அதிகம் இழுக்கும், எனவே குழியருகே உள்ள தரையைக் கூடுதலாகக் கவனியுங்கள். மட்டை எடுக்கும் முன் பந்தைக் கையால், தோளுக்குக் கீழிருந்து வீசி, குறித்த இடத்தில் விழவைத்துப் பாருங்கள். விழும் இடத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் உள்ள உறவைக் கை சீக்கிரம் புரிந்துகொள்ளும்.

எவ்வளவு பக்கத்தில் வைத்தால் நல்ல அடி? அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒரு மீட்டரிலிருந்து அநேகமாகத் தவறவிடுவதில்லை. எட்டடி தூரத்தில், அதாவது சுமார் இரண்டரை மீட்டரில், பாதி முறைதான் அவர்களாலும் குழியில் போட முடிகிறது. ஆகவே குழியைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் நிறுத்தப் பாருங்கள். பழகும்போது பத்துப் பந்தை ஒரே இடத்தில் கொட்டி அடிப்பதில் பயன் குறைவு, இரண்டாவது பந்திலேயே கை பழகிவிடும். ஒரே ஒரு பந்தை எடுத்துக்கொண்டு இடத்தை மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் குழியில் போட்டு முடியுங்கள். இரண்டடியில் முடிந்தால் உங்களுக்குப் புள்ளி, மூன்றானால் தரைக்கு. கூட ஒரு நண்பர் இருந்தால் இன்னும் நல்லது. ஜன்னல் கண்ணாடி, ஆடுமாடு, ஓடியாடும் குழந்தைகள் இருக்கும் திசைக்கு மட்டும் எப்போதும் முதுகைக் காட்டி ஆடுங்கள். 46 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து அது.

மணல்குழி அடியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே மட்டை பந்தைத் தொடவே கூடாது. சாண்ட் வெட்ஜின் முகத்தை வானம் பார்க்கத் திறந்து, பந்துக்கு இரண்டங்குலம் பின்னால் மணலில் இறக்கி, நிறுத்தாமல் முன்னால் கொண்டுபோக வேண்டும். மணல் பந்தைச் சுமந்துகொண்டு வெளியே வரும். அடிக்கு முன் மட்டையைப் பந்தின் பின்னால் மணலில் வைத்துப் பார்ப்பதும், ஒத்திகையாக மணலைத் தொடுவதும் விதிப்படி குற்றம், அபராதம் உண்டு. வீடு கட்டுமிடத்து எம்-சாண்ட் குவியலில் பழகலாம். ஆனால் அது கூர்முனை மணல் என்பதால் ஆற்றுமணலைவிட இறுகிக் கிடக்கும், அதிக வலு கேட்கும்.

பெண் பிள்ளைகளுக்கும், வலு குறைந்தவர்களுக்கும் அதிதி அசோக்கைச் சொல்லாமல் விட முடியாது. பெங்களூருப் பெண். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தூரமாக அடிப்பதில் அவர் மிகப் பின்தங்கியவர்களில் ஒருவர். நான்கு நாளும் க்ரீனிலும் அதன் ஓரத்திலும் ஆடிய ஆட்டத்தாலேயே உலகின் முன்னணி வீராங்கனைகளோடு தோளுக்குத் தோள் நின்று, ஒரே ஓர் அடியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார்.

களத்தில் கைபழகியபின் ஒருநாள் கொடைக்கானலுக்கோ கோவைக்கோ போவீர்கள். அங்கே க்ரீன் உங்கள் களத்தைப் போல் உருளாது. ஆட்டம் தொடங்க அரைமணி முன்னால் போய்ப் பழகு க்ரீனில் ஐந்தாறு நீள உருட்டு உருட்டி வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், பன்னிரண்டு கணக்கை அதற்கேற்பத் திருத்துங்கள். பந்து விழுந்து க்ரீனில் பள்ளம் விழுந்தால், குத்துக்கருவியால் ஓரங்களை நடுவுக்குத் தள்ளித் தட்டி மூடுங்கள். விதி அதை அனுமதிக்கிறது, பின்னால் வருகிறவரும் வாழ்த்துவார். சாய்வில் சந்தேகம் வந்தால் கேடியிடம், “அண்ணே, இது எந்தப் பக்கம் இறங்குது?” என்று கேளுங்கள். அந்தத் தரையில் தினமும் நடப்பவர் அவர். அவர் காட்டும் இடத்துக்கே பந்தை விடுங்கள்.